கேட்டுக்கு வெளியே இருக்கிற வேலை: பனியன் கம்பெனி எச்.ஆர். ஆட்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் 22 வருடம் எச்.ஆர். வேலை பார்த்தேன். வெல்ஃபேர் ஆபீசராகச் சேர்ந்த காலத்தில் என் வேலை கம்பெனி கேட்டுக்குள் தொடங்கி, கேட்டுக்குள்ளேயே முடியும். வருகைப்பதிவு, பி.எஃப்., இ.எஸ்.ஐ., சனிக்கிழமை சம்பளம், நடுவில் ஒரு ஆடிட். லைனில் (வரிசையாகத் தையல் மெஷின் போட்டிருக்கும் இடம்) இருந்தவர்கள் பக்கத்து ஊர்க்காரர்கள். அல்லது தேனி, திண்டுக்கல், புதுக்கோட்டையிலிருந்து குடும்பத்தோடு வந்து லைன் வீட்டில் குடியிருந்தவர்கள். இன்று அதே லைனில் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அசாம் பிள்ளைகள் பாதிக்குப் பாதி இருக்கிறார்கள். வேலையும் மாறிவிட்டது. ஹாஸ்டல், ரயில் டிக்கெட், ஆதார் எழுத்துப்பிழை, ஊரில் இருக்கும் அம்மாவின் உடம்பு எல்லாமே இப்போது எச்.ஆர். மேஜைக்கு வருகின்றன. சமீபத்தில் எச்.ஆர். தலைமைப் பொறுப்புக்கு வந்தவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பதையும், நான் சொல்லும் பதிலையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

"ஆளே கிடைக்கவில்லை" என்று எல்லா முதலாளிகளும் சொல்கிறார்களே, நிஜமாகவே ஆள் இல்லையா?

உள்ளூரில் இல்லை என்பது நிஜம். நூறு நாள் வேலையையும் ரேஷன் அரிசியையும் திட்டிப் பிரயோஜனம் இல்லை. பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள், இருக்கிற பிள்ளைகள் காலேஜுக்குப் போகிறார்கள். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தை. உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 2021-22-ல் தமிழ்நாட்டில் 47%, இந்தியா முழுவதற்கும் 28%. என் லைனில் ஓவர்லாக் தையல் மெஷின் ஓட்டிய அக்காக்கள் ஒன்றரை ஷிப்ட் (பன்னிரண்டு மணி நேரம்) தைத்ததே, தங்கள் மகள் இந்த மெஷினில் உட்காரக் கூடாது என்பதற்காகத்தான். அவர்கள் ஆசைப்பட்டது நடந்திருக்கிறது. அதை நாம் குறையாகப் பேசக் கூடாது.

இன்னொன்றையும் பாருங்கள். அதே ஆய்வில் ஒடிசாவுக்கும் 1.8 தான். பீகார் மட்டும் 3.0. "இவர்கள் போனால் அங்கிருந்து இன்னொரு பஸ் நிறைய வருவார்கள்" என்ற நினைப்பில் பத்து வருடத் திட்டம் போடாதீர்கள்.

ஆனால் என் அனுபவத்தில் பெரிய ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது. ஆள் வருகிறார்கள், நிற்பதில்லை. உங்கள் கம்பெனியில் போன வருடம் வேலையை விட்டவர்களின் பட்டியலை எடுங்கள். சேர்ந்த தேதியையும் நின்ற தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். நான் பார்த்த கம்பெனிகளில் எல்லாம் பெரும்பாலோர் முதல் இரண்டு மாதத்துக்குள்ளேயே போயிருந்தார்கள். அந்த இரண்டு மாதத்தைச் சரி செய்யாமல் ஆள் சேர்த்து அனுப்பும் ஏஜென்ட்டுக்கு மேலே மேலே கமிஷன் கொடுப்பது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பதுதான்.

முதல் இரண்டு மாதத்தில் ஏன் போகிறார்கள்?

பேசியது ஒன்று, கையில் வந்தது ஒன்று. அதுதான் முதல் காரணம். ஊரில் ஆள் சேர்க்கிறவர் ஓவர்டைமையும் சேர்த்து ஒரு தொகை சொல்லியிருப்பார். இங்கே முதல் சம்பளத்தில் பி.எஃப்., இ.எஸ்.ஐ., ஹாஸ்டல், மெஸ் எல்லாம் பிடித்த பிறகு வருவது வேறு தொகை. பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி முதல் சம்பளச் சீட்டை என் மேஜையில் வைத்துவிட்டு ஒன்றுமே பேசாமல் நின்றது இன்னும் கண்ணில் நிற்கிறது. அவள் வீட்டில் அந்தத் தொகையை நம்பிக் கடன் வாங்கியிருந்தார்கள். தவறு அவளுடையது இல்லை. நாங்கள் யாரும் ரயில் ஏறுவதற்கு முன்னால் அவளிடம் கணக்குச் சொல்லவில்லை.

அதற்கப்புறம் ஒரு பழக்கம் வைத்தோம். ஆள் சேர்க்கும் ஊருக்கே எங்கள் ஆள் ஒருவர் போவார். சம்பளச் சீட்டின் மாதிரியை அவர்கள் மொழியில் அச்சடித்து, பிடித்தம் எவ்வளவு, கையில் எவ்வளவு என்று பெற்றோர் எதிரிலேயே எழுதிக் காட்டுவார். கேட்டதும் சிலர் வரவில்லை. வந்தவர்கள் நின்றார்கள்.

அடுத்தது சாப்பாடு. இதைச் சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். ஒரு ஏப்ரல் மாதம் எங்கள் ஹாஸ்டலில் ஒடிசாப் பெண்கள் காலையில் சாப்பிடாமலே ஷிப்ட்டுக்கு வந்தார்கள். இரண்டு பேர் மயங்கி விழுந்தார்கள். விசாரித்தால், அவர்கள் ஊரில் கோடையில் 'பகாளா' சாப்பிடுவார்களாம். முந்தின நாள் சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்து, வெங்காயமும் பச்சை மிளகாயும் கடித்துக்கொண்டு சாப்பிடுவது. அட, நம்ம பழைய சோறு! மெஸ் அண்ணன் ராத்திரி மிஞ்சிய சோற்றை மாட்டுக்குக் கொட்டிக்கொண்டிருந்தார், பிள்ளைகள் காலையில் பசியோடு மெஷினில் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பெரிய பாத்திரமும் கொஞ்சம் தயிரும் போதுமாக இருந்தது.

இந்தி தெரிந்த ஒருவரை எச்.ஆர்.-இல் வைத்தால் போதாதா?

போதாது. வடக்கே இருந்து வந்தவர்கள் எல்லோரையும் "இந்திக்காரங்க" என்கிறோம். ஒடிசாப் பிள்ளையின் தாய்மொழி ஒடியா. ஜார்க்கண்டிலிருந்து வந்தவள் வீட்டில் சந்தாலி பேசலாம். அசாம்காரர் இந்தியை நம்மைப்போலவே பாதிதான் புரிந்துகொள்வார். நோட்டீஸ் போர்டில் இந்தியில் ஒட்டிவிட்டு "தகவல் கொடுத்தாச்சு" என்று கையெழுத்துப் போடுவது ஆடிட்டுக்குத்தான் உதவும்.

லைனிலேயே இரண்டு மொழி தெரிந்தவர்கள் இருப்பார்கள். அவர்களைத் தேடிப் பிடித்து, மொழிபெயர்க்கும் வேலைக்குத் தனியாக ஒரு தொகை கொடுங்கள். சும்மா வாங்காதீர்கள். நீங்களும் பத்து வார்த்தை கற்றுக்கொள்ளுங்கள். "காய்லா கி?" என்றால் ஒடியாவில் "சாப்பிட்டாயா?" நான் முதல் தடவை அப்படிக் கேட்டபோது ஒரு லைனே தலை நிமிர்ந்து பார்த்தது. அன்றைக்குப் பிறகு "மேடம்" போய் "தீதி" (அக்கா) ஆனேன்.

உள்ளூர் ஆட்களுக்கும் வெளிமாநிலத்தவர்களுக்கும் உரசல் வந்தால்?

உரசல் பெரும்பாலும் கூலி ரேட்டில் தொடங்குகிறது. "அவங்க குறைச்ச ரேட்டுக்குத் தைக்கிறாங்க, நம்ம ரேட் ஏற மாட்டேங்குது" என்று நம் டெய்லர்கள் சொல்வார்கள். பல இடங்களில் அது உண்மை. ஒரே வேலைக்கு இரண்டு ரேட் வைத்துவிட்டு ஒற்றுமையைப் பற்றிக் கூட்டம் போட்டால் யார் நம்புவார்கள்? முதலில் ரேட்டை ஒன்றாக்குங்கள். பீஸ் ரேட்டை (ஒரு பீஸ் தைத்தால் என்ன கூலி என்பதை) போர்டில் எழுதி எல்லோர் கண்ணுக்கும் படும் இடத்தில் மாட்டுங்கள்.

இரண்டாவது, "வடக்கன்" என்ற சொல். சூப்பர்வைசர் வாயிலிருந்து அது வரவே கூடாது. நான் இதில் கறாராக இருந்தேன். ஆளின் பேர் தெரியாவிட்டால் அட்டையைப் பார்த்துக் கூப்பிடட்டும்.

2023 மார்ச் மாதம் நினைவிருக்கும். தமிழ்நாட்டில் வெளிமாநிலத் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவின. எங்கோ யாரோ போட்ட சண்டைகளை எடுத்து ஒட்டி அனுப்பியிருந்தார்கள். ஹோலி அந்த வருடம் மார்ச் 8. ஊருக்குப் போகும் கூட்டமும் பயத்தில் கிளம்பிய கூட்டமும் சேர்ந்துகொண்டன. பீகாரிலிருந்து அதிகாரிகள் குழுவே நேரில் பார்க்க வந்தது. அந்த வாரம் எங்கள் ஹாஸ்டலில் யாரும் தூங்கவில்லை. நான் எவ்வளவு பேசியும் நம்பவில்லை. ஊரிலிருந்து அம்மா அழுதுகொண்டே போன் பண்ணும்போது எச்.ஆர். பேச்சு எடுபடுமா? கடைசியில் ஒவ்வொருவர் வீட்டுக்கும் வீடியோ காலில் பேசினோம். பக்கத்து மெஷினில் தைக்கும் நம்ம ஊர் அக்கா ஒருவர் ஒரு பெண்ணின் தோளில் கை போட்டுக்கொண்டு, மொழி தெரியாமலே அவள் அம்மாவிடம் சிரித்துத் தலையாட்டினார். அந்த அம்மா அழுகையை நிறுத்திவிட்டார். போனவர்களில் பலர் திரும்பி வந்தார்கள். ஊரில் இருந்தபோதும் வாரம் ஒருமுறை அவர்களுக்குப் போன் பண்ணிக்கொண்டிருந்தோம்.

உங்களிடம் தொழிலாளர்களின் வீட்டு நம்பர் இருக்கிறதா? ஏஜென்ட் நம்பரைச் சொல்லவில்லை, வீட்டு நம்பர். இல்லையென்றால் இந்த வாரமே வாங்கி வையுங்கள்.

ஹாஸ்டலை வெளியே கான்ட்ராக்ட் விட்டிருக்கிறோம். அதுவும் எச்.ஆர். பொறுப்பா?

ஆமாம். கான்ட்ராக்டர் பேரில் போர்டு மாட்டியிருந்தாலும் பொறுப்பு உங்களுடையதுதான்.

2021 டிசம்பரில் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் பெண்கள் உட்கார்ந்து மறித்த சம்பவம் இதற்குப் போதும். ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலையில் வேலை பார்த்தவர்கள். ஹாஸ்டல் சாப்பாட்டால் உடம்பு கெட்டு 150-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். யார் எங்கே இருக்கிறார்கள், எப்படி இருக்கிறார்கள் என்று மற்றவர்களுக்குச் சரியாகத் தெரியவில்லை. செத்துவிட்டார்கள் என்று வாட்ஸ்அப்பில் வதந்தி ஓடியது. ஆயிரக்கணக்கானவர்கள் ரோட்டுக்கு வந்தார்கள். ஆலை மூடிக் கிடந்து ஜனவரியில்தான் திறந்தது. 2024 ஆகஸ்டில் அதே ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வல்லம் வடகால் சிப்காட்டில் 18,720 பெண்கள் தங்கும் குடியிருப்பை அரசு திறந்தது. ரூ.706.50 கோடி செலவு. படுக்க இடமும் தொழிற்சாலைக் கட்டமைப்புதான் என்பது நமக்குப் புரிய இவ்வளவு நடக்க வேண்டியிருந்தது.

ஹாஸ்டலுக்குப் போனால் நான் முதலில் பார்ப்பது பாத்ரூம் கதவுத் தாழ்ப்பாள். பிறகு காலை 7 மணிக்கு எத்தனை பேருக்கு எத்தனை குழாய். பிறகு கேட்டின் பூட்டு. "பாதுகாப்புக்காக" என்று சொல்லிப் பெண்களைப் பூட்டி வைக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். பதினெட்டு தாண்டியவள் ஞாயிற்றுக்கிழமை கடைவீதிக்குப் போகட்டும். பூட்டிய ஹாஸ்டலிலிருந்து ராத்திரியில் சுவர் ஏறிப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். திறந்த ஹாஸ்டலிலிருந்து அப்படி யாரும் போகவில்லை.

ஹோலி, தீபாவளி, துர்கா பூஜை, சட் பூஜை என்று எல்லாவற்றுக்கும் லீவு கேட்கிறார்களே?

நாம் பொங்கலுக்கு ஊருக்குப் போக மாட்டோமா? வருட ஆரம்பத்திலேயே யார் எப்போது போகிறார்கள் என்று கேட்டு அட்டவணை போடுங்கள். ரயிலில் முன்பதிவு 2024 நவம்பரிலிருந்து 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கிறது. அந்த நாளைக் குறித்து வைத்து கம்பெனியே குரூப்பாக டிக்கெட் போட்டால், போக மட்டும் இல்லாமல் திரும்பவும் சேர்த்துப் போட்டுவிடலாம். ஜார்க்கண்ட் போகும் தன்பாத் எக்ஸ்பிரஸில் பொதுப்பெட்டிக் கதவில் தொங்கிக்கொண்டு போகிற பிள்ளை திரும்பி வரும் என்று எந்த நம்பிக்கையில் இருப்பது?

பாலியல் தொல்லைப் புகார்களை விசாரிக்கும் உள்புகார்க் குழு எங்களிடம் இருக்கிறது. புகாரே வருவதில்லை. நல்ல விஷயம்தானே?

எனக்குப் பயமாக இருக்கிறது. முந்நூறு பெண்கள் வேலை செய்யும் இடத்தில் மூன்று வருடமாக ஒரு புகாரும் இல்லை என்றால், சொல்ல வழியில்லை என்று அர்த்தம்.

2013-ஆம் வருடச் சட்டப்படி 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த இடத்திலும் குழு வேண்டும். தலைவர் மூத்த பெண் ஊழியர், உறுப்பினர்களில் பாதிப் பேராவது பெண்கள், வெளியிலிருந்து ஒருவர். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் புகார் கொடுக்கலாம், விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். இதெல்லாம் போஸ்டரில் இருக்கும். போஸ்டரில் இல்லாத விஷயம், லைன் சூப்பர்வைசர் கையில் இருக்கிற அதிகாரம். எந்த மெஷின், எந்தத் தையல் வேலை, யாருக்கு ஓவர்டைம், யார் பாத்ரூம் போகலாம் என்று எல்லாமே அவர் கையில். அவர் மேல் புகார் கொடுத்துவிட்டு மறுநாள் அவரிடமே டோக்கன் வாங்க வேண்டும். யார் வாய் திறப்பார்கள்?

நானே ஒருமுறை தவறு செய்தேன். ஒரு பெண் லைன் மாற்றிக் கேட்டாள். காரணம் கேட்டேன், சொல்லவில்லை. "புரொடக்ஷன் பாதிக்கும்" என்று மறுத்துவிட்டேன். இரண்டாவது தடவையும் கேட்டாள், மறுத்தேன். மூன்றாவது வாரம் வேலையை விட்டுவிட்டாள். அவள் சொல்லாத காரணம் ஆறு மாதம் கழித்து இன்னொரு பெண் மூலமாகத் தெரிந்தது. அதற்குப் பிறகு எங்கள் கம்பெனியில் எந்தப் பெண் லைன் மாற்றிக் கேட்டாலும் காரணம் கேட்காமல் மாற்றினோம். ஒரே லைனிலிருந்து அடுத்தடுத்து இரண்டு பேர் கேட்டால், அந்த சூப்பர்வைசரைக் கவனித்தோம்.

2022-ல் கையெழுத்தான திண்டுக்கல் ஒப்பந்தத்தைப் பற்றிப் படித்துப் பாருங்கள். வேலை இடத்தில் பெண்கள் மேல் நடக்கும் வன்முறையைத் தடுக்க, தமிழ்நாடு ஜவுளித் தொழிலாளர் சங்கப் பெண்கள் முன்னின்று, உற்பத்தியாளரோடும் வெளிநாட்டு பிராண்டுகளோடும் போட்டது. ஒரு தொழிலாளியின் கொலைக்குப் பிறகு வந்தது. அதில் எனக்குப் பிடித்த அம்சம், தளத்தில் வேலை செய்யும் பெண்களுக்கே பயிற்சி கொடுத்துக் கண்காணிப்பாளர்களாக ஆக்கியது. ஆபீஸ் மாடியில் இருக்கிற குழுவிடம் போகத் தயங்குகிறவள், பக்கத்து மெஷின் அக்காவிடம் சொல்வாள்.

பிரசவத்துக்குப் போன பெண்கள் திரும்பி வருவதில்லை. சலுகை எல்லாம் கொடுக்கிறோமே?

இ.எஸ்.ஐ.-யில் 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு கிடைக்கிறது. 27-வது வாரம் குழந்தையை எங்கே விடுவது? அதற்குத்தான் கிரெச், அதாவது கம்பெனிக்குள் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் அறை. பல கம்பெனிகளின் கிரெச்சை நான் பார்த்திருக்கிறேன். சுவரில் மிக்கி மவுஸ், மூலையில் தொட்டில், அலமாரியில் பொம்மைகள். பொம்மையைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் கவர் இன்னும் பிரிக்கப்படவில்லை. ஆடிட் அன்றைக்கு யாராவது ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து உட்கார வைப்பார்கள்.

நிஜமாக நடத்த வேண்டுமென்றால் மூன்று விஷயம் வேண்டும். குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் ஆயாவை லைனில் ஆள் குறைந்தால் கைமடிக்கு (டெய்லருக்கு உதவி செய்யும் வேலை) இழுக்கக் கூடாது. பால் கொடுக்கப் போகும் நேரத்தை டார்கெட்டில் கழிக்க வேண்டும். கம்பெனி வண்டியில் குழந்தையோடு ஏற இடம் தர வேண்டும். கடைசி விஷயத்தில்தான் பெரும்பாலும் எல்லாம் உடைகிறது. காலை ஏழே காலுக்கு நின்றுகொண்டே போகிற வண்டியில் எட்டு மாதக் குழந்தையோடு யார் ஏறுவார்கள்?

சின்னப் பசங்க ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் நின்றுவிடுகிறார்கள். என்ன செய்வது?

வேறு கம்பெனியில் என்ன ரேட் என்பது அவர்களுக்கு வாட்ஸ்அப் குரூப்பில் அன்றன்றைக்குத் தெரிந்துவிடுகிறது. கோபப்படாதீர்கள். போனவர் திரும்பி வந்தால் முகம் சுளிக்காமல் சேர்த்துக்கொள்ளுங்கள். பி.எஃப். பணத்தை எடுக்க உதவி கேட்டால் செய்து கொடுங்கள். ஆதாரில் ஒரு எழுத்து மாறியிருப்பதால் பணம் சிக்கிக் கிடப்பவர்கள் ஏராளம். சேரும் அன்றே பேர், பிறந்த தேதி இரண்டையும் ஆதாரோடு எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

வயதான டெய்லர்களின் வேகம் குறைகிறது. என்ன செய்யலாம்?

கண்ணைச் சோதியுங்கள். நாற்பதைத் தாண்டினால் கிட்டே இருப்பது மங்கலாகத் தெரியும், ஊசியில் நூல் கோர்க்க நேரமாகும். ஆனால் டெய்லர் வாயைத் திறக்க மாட்டார். "கண்ணு தெரியலன்னு சொன்னா வேலை போயிடும்" என்ற பயம். அசாமில் நாற்பது வயதுக்கு மேற்பட்ட தேயிலைத் தொழிலாளர்களுக்குக் கண்ணாடி கொடுத்துச் செய்த ஆய்வு 2018-ல் வெளிவந்தது. கண்ணாடி வாங்கியவர்களின் உற்பத்தி, வாங்காதவர்களைவிட ஏறக்குறைய 22% கூடியது. இலை பறிப்பதிலேயே அப்படியென்றால் தையலைச் சொல்ல வேண்டுமா? பேட்லாக் தையல் மெஷின் ஓட்டும் ஐம்பது வயது அண்ணன் ஒருவருக்குக் கண்ணாடி போட்ட அன்று, துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மேடம், இத்தனை நாளா குத்துமதிப்பாத்தான் தச்சிருக்கேன்" என்றார்.

புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் எதை உடனே கவனிக்க வேண்டும்?

பழைய தொழிலாளர் சட்டங்களை ஒன்றாகச் சேர்த்து எழுதிய நான்கு தொகுப்புகளும் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்ததாக மத்திய அரசு அறிவித்தது. நம் வேலைக்கு நேரடியாக உறைப்பவை இவை. எல்லோருக்கும் நியமனக் கடிதம். அடிப்படைச் சம்பளக் கணக்கை உடைத்து அலவன்ஸில் ஒளித்து வைக்க முடியாதபடி சம்பளத்துக்குப் புது வரையறை: விலக்கப்பட்ட அலவன்ஸ்கள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டியது சம்பளமாகவே கணக்காகும். வேலையை விட்டால் இரண்டு வேலை நாளில் கணக்கு முடிக்க வேண்டும். குறித்த காலத்துக்கு எடுக்கப்பட்டவர்களுக்கு ஐந்து வருடம் காத்திருக்காமல் கிராஜுவிட்டி (பணிக்கொடை). 250 தொழிலாளர் இருந்தாலே வெல்ஃபேர் ஆபீசர் (பழைய சட்டத்தில் 500). 20 பேரோ அதற்கு மேலோ இருந்தால் குறைதீர்ப்புக் குழு.

வெளிமாநிலத் தொழிலாளர்களைப் பொறுத்தவரை முக்கியமான மாற்றம் ஒன்று உண்டு. 1979 சட்டம் கான்ட்ராக்டர் மூலம் வந்தவர்களை மட்டுமே கணக்கில் எடுத்தது. இப்போது தானாக ரயில் ஏறி வந்தவரும் அந்த வரையறைக்குள் வருகிறார். வருடத்துக்கு ஒருமுறை ஊர் போய்வரப் பயணப்படியும் சட்டத்தில் இருக்கிறது. நுணுக்கங்களுக்கு மாநில விதிகளைப் பார்த்து, உங்கள் சட்ட ஆலோசகரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பன்னிரண்டு மணி நேரம் வேலை வாங்குவது திருப்பூரில் சகஜம்தானே?

ஒன்றரை ஷிப்ட் சகஜமாகிவிட்டது, உண்மை. காலை எட்டரைக்கு வந்து ராத்திரி எட்டரைக்குப் போவது. சகஜம் என்பதற்காக அது சரி ஆகிவிடாது. 2023 ஏப்ரல் 21 அன்று வேலை நேரத்தைத் தளர்த்தும் திருத்த மசோதா தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிறைவேறியது. கூட்டணிக் கட்சிகளும் சங்கங்களும் எதிர்க்க, மூன்று நாளில் நிறுத்தி வைக்கப்பட்டு, மே தினத்தன்று வாபஸ் அறிவிக்கப்பட்டது. ஓவர்டைமுக்கு இரட்டைச் சம்பளம் என்பது சட்டம். அதைக் கொடுக்கும் இடத்தில் ஓவர்டைம் தானாகக் குறைகிறது. பிளானிங் ஆபீசில் கவனம் வந்துவிடுகிறது.

யூனியன் வந்துவிடுமோ என்று முதலாளி பயப்படுகிறார். என்ன சொல்வது?

தடுக்கப் பார்க்க வேண்டாம் என்று சொல்லுங்கள். சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்கள் 2024 செப்டம்பர் 9 முதல் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சங்கத்தை அங்கீகரிப்பது முக்கியமான கோரிக்கை. அடுத்த ஜனவரியில் சங்கம் பதிவாகிவிட்டது. பேச ஆள் இருப்பது நிர்வாகத்துக்கு நல்லது. திருப்பூரில் தொழிற்சங்கங்களும் முதலாளிகள் அமைப்புகளும் உட்கார்ந்து சம்பள ஒப்பந்தம் போடுவது பல வருட வழக்கம். ஆனால் அந்தச் சங்கங்களிலும் ஒடியா பேசுகிறவர்கள் அரிது. அது அவர்களும் யோசிக்க வேண்டிய விஷயம்.

ஆர்டர் குறையும்போது முதலில் யாரை நிறுத்துவது?

2025 ஆகஸ்ட் 27-ல் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு 50% வரி போட்டபோது பல எச்.ஆர். தம்பிகள் எனக்குப் போன் பண்ணிக் கேட்டது இதுதான். ஆளை நிறுத்துவதற்கு முன்னால் ஓவர்டைமை நிறுத்துங்கள், பிறகு ஷிப்ட்டைக் குறையுங்கள், லீவு பாக்கி இருப்பவர்களை ஊருக்கு அனுப்புங்கள். என்ன செய்தாலும் மைக்கைப் பிடித்து நிலைமையை நீங்களே சொல்லுங்கள். ஹாஸ்டலில் இருப்பவருக்கு ஷிப்ட் குறைந்தால், அந்த மாதம் மெஸ் பிடித்தத்தையும் குறைக்க வேண்டும். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வேலை இல்லாத வாரத்தில் கடனாளியாகிவிட்டவர் ஆர்டர் திரும்பும்போது இருக்க மாட்டார்.

இதெல்லாம் செலவு. முதலாளி ஒப்புக்கொள்ள மாட்டார். எப்படிப் பேசுவது?

அவர் பாஷையில் பேசுங்கள். ஒரு டெய்லர் நின்றால் என்ன ஆகிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். ஏஜென்ட் கமிஷன், ரயில் செலவு, பயிற்சிக் காலச் சம்பளம், புது ஆள் முழு வேகத்துக்கு வரும்வரை குறையும் பீஸ், அதில் வரும் ரீவொர்க் (தவறைப் பிரித்து மறுபடி தைப்பது), கப்பல் தவறினால் விமானத்தில் அனுப்பும் செலவு. உங்கள் கம்பெனியின் சொந்த எண்களைப் போடுங்கள். போன வருடம் நின்றவர்களின் எண்ணிக்கையால் பெருக்குங்கள். அந்தத் தாளை நான் முதல்முதலில் எங்கள் முதலாளியிடம் காட்டியபோது அவர் கால்குலேட்டரை எடுத்து மறுபடி பெருக்கிப் பார்த்தார். அடுத்த மாதம் ஹாஸ்டல் பாத்ரூமுக்குப் பணம் கிடைத்தது.

நான் அடுத்த திங்கள்கிழமை எச்.ஆர். தலைவராகச் சேர்கிறேன். முதல் வாரம் என்ன செய்ய?

கேபினை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். காலை எட்டே காலுக்கு கேட்டில் நில்லுங்கள். யார் ஓடி வருகிறார்கள், யார் சாப்பிடாமல் வருகிறார்கள் என்று தெரியும். செவ்வாய்க்கிழமை கட்டிங்கிலிருந்து பேக்கிங் வரை நடந்து, ஒவ்வொரு லைனிலும் கடைசி மெஷினில் இருப்பவரிடம் பேசுங்கள். சூப்பர்வைசர் கண் எட்டாத இடம் அது. புதன்கிழமை கம்பெனி வண்டியில் ஏறிக் கடைசி நிறுத்தம் வரை போங்கள். வியாழக்கிழமை ராத்திரி ஹாஸ்டல். மெஸ் ஒன்பது மணிக்குத் திறக்கும், எவர்சில்வர் தட்டு வாசலில் அடுக்கியிருக்கும். ஒன்றை எடுத்துக்கொண்டு வரிசையில் கடைசியில் நில்லுங்கள். உங்கள் முறை வரும்போது குழம்பு மிஞ்சியிருக்கிறதா என்று பாருங்கள்.